தாய்மாமன் குரலில் ஒரு மேதை

ஜனவரி 9, வெள்ளி

எதிர் வீட்டு ரித்விக் இன்று லிஃப்டில் என் ஃபோன் எண்ணைத் தலைகீழாகச் சொன்னான். நான் கேட்கவில்லை. அவன் அம்மா அனுராதாதான், "ஆன்ட்டி நம்பரை ரிவர்ஸ்ல சொல்லு கண்ணா" என்றாள். ஒரு எண் பிசகவில்லை. அவனுக்கு மூன்றரை வயது.

என் மகள் தன்விகாவுக்கும் அதே வயதுதான். அவள் அப்போது லிஃப்ட் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தாள்.

ரித்விக்கின் காது மடலில் கடுகளவு ஒரு தோடு இருக்கிறது. அதன் பெயர் மதிமொட்டு. காது வழியாக மூளைக்குப் போகும் நரம்பை அது லேசாகத் தூண்டிக்கொண்டே இருக்குமாம். கேட்டது எதுவும் மறக்காதாம். எங்கள் அடுக்குமாடியில் இந்த வருஷம் எல்.கே.ஜி. போகும் குழந்தைகளில் அது இல்லாதவள் தன்விகா மட்டும்தான். அப்பார்ட்மெண்ட் தாய்மார்கள் குழுவில் என்னை யாரும் எதுவும் சொல்வதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இரவு எல்லோரும் தூங்கிய பிறகு பள்ளி விண்ணப்பத்தைக் கணினியில் திறந்தேன். "குழந்தை மேம்படுத்தப்பட்டதா?" என்று ஒரு கேள்வி. "இல்லை" என்று அழுத்தினேன். அடுத்த பக்கம் திறக்கவேயில்லை. நெட் பிரச்சினை என்று மூன்று தடவை முயன்றேன். நெட் நன்றாகத்தான் இருந்தது.

நான் எம்.எஸ்ஸி. விலங்கியல். ஓர் இனம் எப்படி இரண்டாகப் பிரியும் என்று பதினாறு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். நடுவில் ஒரு மலையோ ஆறோ வேண்டும் என்று எழுதின ஞாபகம். எல்.கே.ஜி. விண்ணப்பம் போதும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

மதிமொட்டுக் கம்பெனியிலிருந்து ஜெயந்த் என்ற பையன் வந்திருந்தான். அடையாள அட்டையில் "மூத்த குழந்தை அறிவு ஆலோசகர்" என்று இருந்தது. படித்தது பி.காம்.

"சார், மனுஷ மூளைக்குக் கடைசியா அப்டேட் வந்து பல்லாயிரம் வருஷம் ஆச்சு. இன்னும் அதே பழைய மாடலத்தான் குழந்தைங்களுக்கும் குடுத்துட்டிருக்கோம்" என்றான்.

என் கணவர் லோகநாதனுக்குப் பம்பு செட் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவில் வேலை. இந்தப் பேச்சு அவர் நெஞ்சைத் தொட்டுவிட்டது. "பாத்தியா இந்து? மோட்டாருக்கே அஞ்சு வருஷத்துக்கொருக்கா மாடல் மாத்தறோம்" என்றார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "இதனால எதாவது கொறையுங்களா?"

நான் படித்த பாடத்தில் எந்த உயிரும் ஒன்றைக் கொடுக்காமல் ஒன்றைப் பெற்றதில்லை. மனிதன் தலை பெரிதானதற்குத் தாய்மார்கள்தான் பிரசவத்தில் விலை கொடுத்தார்கள். ஜெயந்த் மடிக்கணினியில் முன்னும் பின்னும் தள்ளித் தேடினான். "கொறையறதுக்குன்னு தனியா ஸ்லைடு இல்லைங்க மேடம்" என்றான்.

இந்த மாதக் கடைசியில் தன்விகாவுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம் என்றதும் எழுந்து நின்றேவிட்டான். "மேடம், எங்ககிட்ட காதுகுத்துக் கூட்டுத் திட்டமே இருக்குதுங்க! மொட்ட அடிச்சிருப்பீங்க, காது எப்படியும் குத்தணும், சொந்தமெல்லாம் வந்திருக்கும். எங்களுக்கும் தனியா வேலையே இல்ல."

ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னான். தோடு ஏறின முதல் ஒரு மணி நேரம் குழந்தை அம்மா மடியில் இருக்க வேண்டும். அம்மா பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் குரலை மதிமொட்டு பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தக் குரலில் சொல்லப்படும் எதுவும் குழந்தைக்குக் கல்வெட்டு.

"மத்தவங்க குரல்?" என்றேன்.

"அதுவும் கேக்குங்க மேடம். முக்கியமாத் தோணாது."

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. தன்விகா சர்க்கரைப் பொங்கலைத் தெருநாய்க்கு ஊட்டி, "ஏம்மா நாயி நன்றி சொல்லல?" என்று கேட்டாள். ரித்விக், நாய்க்கு எத்தனை பல் என்று சொன்னான்.

ஜனவரி 30, வெள்ளி

காதுகுத்து முடிந்தது. கால் வலி. முழுக்க எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

தாராபுரம் பக்கம் எங்கள் குலதெய்வக் கோவிலில் வைத்தோம். என் அண்ணன் நந்தகோபால் பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறான். தாய்மாமன் சீரை லாரியில் கொண்டுவந்தான். தட்டுத் தட்டாக இறங்கி வந்ததைப் பார்த்து லோகநாதன் பக்கத்துச் சொந்தங்கள் வாயடைத்துப்போனார்கள். ஜெயந்த் வேப்ப மரத்தடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் மாலை போட்டு, தலையில் துண்டு கட்டிவிட்டார்கள்.

மொட்டை அடித்துச் சந்தனம் பூசி முடித்ததும் நான் மடியை விரித்து மணையில் உட்காரப் போனேன்.

"அம்முணி, எங்க போற? எந்திரி எந்திரி" என்றான் அண்ணன்.

லோகநாதனிடம் கிசுகிசுத்தேன். "ஏனுங்க, அம்மா மடின்னு சொன்னாங்கல்ல?"

"மாமன் மடியில வெக்காம காது குத்துனா ஊரே சிரிக்கும் இந்து. மச்சான் லாரியில சீர் கொண்டாந்திருக்காரு. அவரை எந்திரிங்கன்னு சொல்லச் சொல்றியா? யாரு மடியா இருந்தா என்ன, கரண்டு ஒண்ணுதானே?"

ஜெயந்தைப் பார்த்தேன். தலைத்துண்டு கண்ணை மறைக்க, அவன் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினான். அதற்குள் மேளம் ஆரம்பித்து, ஆசாரி காதைக் குத்தி மதிமொட்டை ஏற்றிவிட்டார்.

அண்ணன் ஒரு மணி நேரம் அவளை மடியில் வைத்திருந்தான். அவள் அழ அழ அவன் வாய் ஓயவில்லை. "அழுவாத சாமி, மாமன் இருக்கறன்ல. அந்த ஆசாரியைத் தூக்கித் தேங்கா லோடுக்கு மேல போட்டறலாம்" என்றான். சமையல்காரரை விரட்டினான். நடுவில் ஃபோன் வந்தது, யாரோ ஒரு வியாபாரியை, "ஏனுங், போன லோடுல பாதி அழுகலுங்! என்ற கிட்டயேவா?" என்று கிழித்தான். தன்விகா அழுகையை நிறுத்தி அவன் வாயையே பார்த்தாள்.

மடிக்கணினியில் பச்சை விளக்கு எரிந்தது. "குரல் சூப்பராப் பதிவாயிருச்சுங்க" என்றான் ஜெயந்த். யார் குரல் என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. விருந்துக்கு உட்கார்ந்துவிட்டோம்.

பிப்ரவரி 2, திங்கள்

"தன்வி" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். ஃபேன் சத்தத்தைக் கேட்பது மாதிரி கேட்டாள்.

ஜெயந்துக்கு ஃபோன் போட்டேன்.

"முதல் குரல் பதிஞ்சா பதிஞ்சதுதாங்க மேடம். புரியற மாதிரி சொல்றேன். வாத்துக் குஞ்சு பொரிஞ்சதும் மொதல்ல எதப் பாக்குதோ, அதத்தான் தாய்னு நெனச்சுக்கும். அது பின்னாடியேதான் போகும்" என்றான்.

என் எம்.எஸ்ஸி. ஆய்வே வாத்துக் குஞ்சுகளைப் பற்றித்தான். அதை அவனிடம் சொல்லவில்லை.

"மாத்த முடியாதா?"

"முடியுங்க. வேர் போடணும். காதுக்குப் பின்னால எலும்புல ஒரு சின்ன துளை, அது வழியா உள்ள ஒரு மெல்லிசு கம்பி. மயக்கம் குடுத்துச் செய்வாங்க. எதிர் வீட்டுப் பையனுக்குப் போட்டிருக்கே, அதேதான். குரலையும் அப்பவே மாத்திக்கலாம்."

"அதுவரைக்கும் தோட்டைக் கழட்டி வெக்கலாமா?"

"பெற்றோர் கையால கழட்டவும் முடியாது, அணைக்கவும் முடியாதுங்க. குழந்தையோட பாதுகாப்புக்காக."

பிப்ரவரி 4, புதன்

குளியலறைக் கண்ணாடி முன் நின்று, தொண்டையைக் கட்டிக்கொண்டு அண்ணன் மாதிரி "ஏனுங் அம்முணி" என்று சொல்லிப் பார்த்தேன். லோகநாதன் கதவைத் தட்டி, சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அண்ணனுக்கு விஷயத்தைச் சொன்னேன். ஃபோனில் சிரி சிரி என்று சிரித்தான்.

"அட! ஏழாவதுல ரெண்டு தடவ உக்காந்தவன் நானு. என்ற குரலுக்கு இத்தன மருவாதியா? என்ற பொண்டாட்டிக்கு ஒண்ணு மாட்டியுடச் சொல்லு அம்முணி."

"சிரிக்காதண்ணா. அவ சாப்பிட மாட்டேங்கறா. நான் சொல்றது அவ காதுலயே உழுகல."

அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாட்ஸாப்பில் குரல் பதிவுகளாக அனுப்பினான். சாப்புடு கண்ணு. மூஞ்சி கழுவு சாமி. கொட்டாவி உடற பாரு, தூங்கு. நன்றாக வேலை செய்கின்றன. அழுத்தினால் போதும், எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வருகிறாள்.

கடைசியில் நான் கேட்காமலே ஒன்று அனுப்பியிருந்தான். "அம்மாகிட்டப் போ கண்ணு."

அழுத்தினேன். வந்தாள். கட்டிக்கொண்டாள்.

இன்று அதை எத்தனை தடவை அழுத்தினேன் என்று எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 14, சனி

அடுத்த சனிக்கிழமை பள்ளி நேர்காணல். பாடம் நடத்த அண்ணனை விட்டால் வழியில்லை. லோகநாதன் பாடங்களைத் தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்புகிறார். அண்ணன் மண்டியில் நின்றபடி வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறான்.

தன்விகாவின் ஞாபகசக்தி பிரமாதம். இன்று மாலை ஒப்பித்தாள்: "ஏ ஃபார் ஆப்புள். ஏப்பா, அந்த லாரிய அக்கட்டால நிறுத்து. பி ஃபார் பால். டீ சொல்லு, சக்கர கம்மியா. சி ஃபார் கேட்டு."

ஒரு எழுத்து பிசகவில்லை. லோகநாதனுக்கு எதைத் தட்டிக்கொடுப்பது எதைக் கண்டிப்பது என்று தெரியவில்லை. நாங்கள் கண்டித்தாலும் அவளுக்கு அது கேட்கப் போவதில்லை.

ஒரு நல்ல மாற்றத்தையும் எழுத வேண்டும். எதற்கெடுத்தாலும் "ஏம்மா, ஏம்மா" என்று கேட்டுப் பின்னாலேயே சுற்றுவதை நிறுத்திவிட்டாள். சமையல் சீக்கிரம் முடிகிறது. துணியெல்லாம் மடித்துவிட்டேன். பழைய துணிகளையும் பீரோவிலிருந்து எடுத்து மறுபடி மடித்தேன்.

பிப்ரவரி 21, சனி

நேர்காணல். பெயர் சொல்ல விருப்பமில்லாத பெரிய பள்ளி. எங்களுக்கு முன்னால் போன குழந்தை வெளியே வந்து காவலாளிக்குத் தனிம அட்டவணையைச் சொல்லிக்கொண்டிருந்தது. காவலாளி, "நல்லா இரு தங்கம்" என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறக்கப் போனார்.

உள்ளே முதல்வர் அம்மாள் இருந்தார். தன்விகாவிடம் பெயர் கேட்டார். தன்விகா அவர் தலைக்குப் பின்னால் இருந்த ஏ.சி.யைப் பார்த்தாள். இன்னொரு தடவை கேட்டார். ஏ.சி.தான்.

லோகநாதன் வியர்வையோடு அண்ணனை வீடியோ காலில் கூப்பிட்டு ஃபோனை மேசை மேல் நிறுத்தினார். பின்னால் தேங்காய் மலை, லாரி, பனியன் போட்ட ஆட்கள். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு விபூதி வைத்துத் தயாராக இருந்தான்.

"வணக்கமுங் மேடம். நீங்க கேளுங், நான் புள்ளைக்குச் சொல்றனுங்."

முதல்வர் கேட்பதும், அண்ணன் அதைத் திருப்பிச் சொல்வதும், தன்விகா பதில் சொல்வதுமாக வழக்கு மன்றம் போல நடந்தது. நிறம், பழம், கிரகங்கள் எல்லாம் டாண் டாண் என்று வந்தன. பத்து வரை எண்ணச் சொன்னார் முதல்வர்.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்று தொடங்கினாள் தன்விகா.

"நில்லும்மா. லாபமா?"

ஃபோனுக்குள்ளிருந்து அண்ணன் விளக்கினான். "மண்டியில மொத எண்ண ஒண்ணுன்னு சொல்ல மாட்டமுங். லாபம்னுதான் ஆரம்பிப்பமுங். நல்ல சொல்லுல தொடங்கோணும்னு ஒரு வழக்கமுங்."

"அஞ்சில் ரெண்டு போனால் எத்தனை?"

"அழுகல் போக மூணு" என்றாள் தன்விகா.

முதல்வர் ஏதோ குறித்துக்கொண்டார். "நீ பெரியவளானதும் என்ன ஆகப் போறே?" என்றார். அண்ணன் அதையும் கேட்டான்.

தன்விகா வெகு நேரம் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு அவன் பதிவு எதுவும் அனுப்பியிருக்கவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

இடம் கிடைத்துவிட்டது! நிபந்தனையோடு. மின்னஞ்சலில் வந்தது இதுதான்: குழந்தையின் திறன் மிக உயர்ந்தது. ஆனால் "ஒற்றைக் குரல் சார்பு" உள்ளது. மார்ச் மாதத்துக்குள் வேர் பொருத்தி, முதல் குரலைப் பள்ளியின் பொதுக் குரலுக்கு மாற்றித் தர வேண்டும். மாற்றினால்தான் இடம் உறுதி.

"பள்ளியோட குரலா? அம்மா குரல்னு ஜெயந்த் சொன்னானே?" என்றேன்.

லோகநாதன் ஜெயந்திடம் கேட்டார். ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் ஓடுமாம். "ஆனா லீவு நாள்ல மேடம் குரலுக்கு மாத்திக் குடுக்கற வசதி அடுத்த வருஷம் வருதுங்க" என்றானாம்.

அப்பார்ட்மெண்ட் குழுவில் செய்தியைப் போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் எனக்கே ஒரு கைதட்டல் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

சரவணம்பட்டி தாண்டி இருக்கும் காலி மனையில் மயில் ஆடுவதை மாடியிலிருந்து பார்த்தேன். அந்தத் தோகை அதற்குச் சுமைதான். உயரப் பறக்க முடியாது, நாய் துரத்தினால் வேகமாக ஓட முடியாது. ஆனாலும் தலைமுறைக்குத் தலைமுறை நீண்டுகொண்டே வந்தது. பெண் மயில்கள் நீளமானதையே தேர்ந்தெடுத்தன. எல்லாத் தோகையும் நீண்ட பிறகு எதுவும் நீளமில்லை. சுமை மட்டும் மிச்சம். கல்லூரியில் இதைப் படித்தபோது, பாவம் மயில், அதற்கு மூளை இல்லை என்று நினைத்தேன்.

கீழே வந்தால் அனுராதா வாசலில் நின்றாள்.

"இந்து, தன்வியைக் கொஞ்ச நேரம் எங்க வீட்டுக்கு அனுப்பறீங்களா?"

"ரித்விக்கோட வெளயாடவா?"

"விளையாட இல்ல. சும்மா. அவ எதையாவது கொட்டுவா, ஒடைப்பா. பரவால்ல." சிரிக்கப் பார்த்தாள். "வீட்ல சத்தமே இல்ல இந்து. அவன் எல்லாத்துக்கும் பதில் சொல்றான். நான் ஏதாவது கேட்டாத்தான். நேத்து நாள் பூரா நான் ஒண்ணும் கேக்கல. பாக்கலாம்னு இருந்தேன். அவனும் வாயத் திறக்கல."

வேர் வலித்ததா என்று கேட்டேன். தெரியாது என்றாள். வலிக்கிறதா என்று கேட்டால் பத்துக்கு எத்தனை என்று எண்ணைச் சொல்கிறானாம்.

தன்விகாவும் இப்போதெல்லாம் எதையும் உடைப்பதில்லை என்று அவளிடம் சொல்லவில்லை. அனுப்பி வைத்தேன். அரை மணியில் அனுராதாவே கொண்டுவந்து விட்டாள். இரண்டு பேரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களாம்.

மார்ச் 6, வெள்ளி

அண்ணன் பொள்ளாச்சியிலிருந்து நேரில் வந்தான். சோபாவில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினான்.

"மாப்ள, கொழந்த மண்டையில ஓட்ட போடப் போறீங்களாம்?"

"ஓட்ட இல்ல மச்சான், நுண்துளை."

"மாரியம்மாளுக்குப் பேரு மேரின்னு வெச்சா ஆளு மாறிருமா? ஓட்ட ஓட்டதானுங்."

"உங்க குரலாலதான் மச்சான் இத்தனையும். அம்மா மடியில இருந்திருந்தா இந்த நெலமையே இல்ல."

"சீர் கொண்டாந்து மடியில வெச்சது என்ற தப்புங்களா? மடியில வெச்சா என்ற குரலு ஒட்டிக்கும்னு எவனாச்சும் சொன்னீங்களா? சொல்லு அம்முணி, நீ சொன்னியா?"

நான் காபி கலக்கப் போய்விட்டேன்.

சமையலறைக்கு வந்து மெதுவாகச் சொன்னான். "மண்டியில நெறைய வேல, பாடமெல்லாம் பதிவு பண்ணி அனுப்ப நேரமில்லைன்னு பொய் சொல்லிப் பாத்தேன். அனுப்பாம இருந்தா உன் குரலக் கேப்பாளோன்னு. கேக்கலியா?"

கேட்கவில்லை என்றேன்.

"மாமங்கற மருவாதியெல்லாம் எனக்கு வேண்டாம் அம்முணி. அவளுக்கு மாமன் மாமனா இருக்கட்டும், நீ அம்மாவா இரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் நறுக்கியிருக்கிறாயா என்று கேட்டான். நறுக்கவில்லை.

லோகநாதன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நானும் போட்டேன். போடாமல் எப்படி? அவள் மட்டும் பழைய மாடலாக நின்றுவிட்டால், நாளைக்கு அவள் என்னைப் பார்த்துக் கேட்கமாட்டாளா? கேட்பது என்ற பழக்கம் அப்போது இருந்தால்.

மார்ச் 11, புதன்

ஆஸ்பத்திரி நாள். நடந்ததை ஒழுங்காக எழுத முயற்சி செய்கிறேன், ஏனென்றால் இன்று எல்லோரும் என்னைக் கேட்டுவிட்டார்கள்.

நர்ஸ் நேற்றே சொல்லியிருந்தாள்: மயக்க மருந்து கொடுப்பதால் வெறும் வயிறு. தண்ணீர்கூடக் கூடாது. காலையில் போனதும் ஜெயந்த் தன் ஃபோனிலிருந்து மதிமொட்டை அணைத்தான். ஒருமுறை அணைத்தால் வேர் போட்ட பிறகுதான் மறுபடி இயக்கலாம் என்றான். லோகநாதன் பணம் கட்டும் வரிசைக்குப் போனார். என்னையும் அவளையும் வரவேற்பு அறையில் உட்காரச் சொன்னார்கள். அங்கே ஒரு பெரிய மீன்தொட்டி.

அவள் கொஞ்ச நேரம் சுற்றும் முற்றும் பார்த்தாள். தூங்கி எழுந்தவள் மாதிரி. பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, மீனு தூங்குதா?"

நான் ஃபோனைத் தேடினேன், அண்ணன் பதிவு ஏதாவது தவறுதலாக ஓடுகிறதா என்று. இல்லை. அவள்தான் கேட்டாள். என்னிடம்தான்.

"தூங்குது கண்ணு."

"பின்ன ஏம்மா கண்ண மூடல?"

"மீனுக்கு இமை கெடையாது."

"ஏன் கெடையாது?"

"தண்ணிக்குள்ளயே இருக்குதல்ல. கண்ணு காயாது. அதனால அதுக்குத் தேவப்படல."

"தேவப்படலைன்னு யாரு அதுகிட்டக் கேட்டா?"

ஐந்து வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்த எந்தப் பேராசிரியரிடமும் நான் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "யாரும் கேக்கல கண்ணு. அதுவா ஆச்சு" என்றேன். அவள் திருப்தியில்லாமல் தொட்டிக் கண்ணாடியை நக்கினாள். மீனும் உள்ளே இருந்து வந்து பார்த்தது.

அப்புறம், "அம்மா, பசிக்குது" என்றாள்.

கேன்டீன் பக்கத்திலேயே இருந்தது. பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்தேன். முழுப் பன்னையும் தின்றாள். கீழே சிந்தினாள். இன்னொன்று வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்தேன்.

லோகநாதன் ரசீதோடு வந்தபோது அவள் வாயோரம் பால் மீசை. டாக்டர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இன்று முடியாது, அடுத்த புதன் வாருங்கள் என்றார்.

"எம்.எஸ்ஸி. படிச்சிருக்கீங்க. வெறும் வயிறுன்னா என்னன்னு தெரியாதா?" என்று நர்ஸ் கேட்டாள்.

மறந்துவிட்டேன் என்றேன். உண்மையாகவே மறந்துவிட்டேன். குழந்தை பசி என்றால் எந்தத் தாய்க்கு எது ஞாபகம் இருக்கும்?

மார்ச் 12, வியாழன்

இன்று அவள் இரண்டு டம்ளர் உடைத்தாள். ஒன்று கண்ணாடி.

மார்ச் 14, சனி

கேட்ட கேள்விகளில் சில: எறும்புக்குப் பல் விளக்குவது யார்? நிலா ஏன் காரோடு வருகிறது? அப்பா ஏன் கண்ணாடி போட்டுக்கொண்டும் தேடுகிறார்? ரித்விக்கை ஏன் யாரும் எழுப்புவதில்லை?

இரண்டுக்குப் பொய் சொன்னேன்.

ஏ, பி, சி எல்லாம் மறந்துவிட்டது. லாரியை அக்கட்டால நிறுத்தச் சொன்னதும் மறந்துவிட்டது. பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. மாதக் கடைசிவரைதான் இடத்தைப் பிடித்து வைப்பார்களாம். கட்டாயம் செய்துவிடுவோம் என்று சொன்னேன். நாங்கள் அவளை எதிலிருந்து பிடித்து இழுக்கிறோம் என்று சில சமயம் தெரிகிறது, சில சமயம் தெரிவதில்லை. அனுராதா மாலையில் வந்து, தன்விகா எங்கள் சுவரில் கிறுக்கியிருந்ததைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மார்ச் 17, செவ்வாய்

நாளை ஆஸ்பத்திரி. நர்ஸ் இன்று இரண்டு தடவை ஃபோன் செய்தாள். ஜெயந்த் ஒரு தடவை. முன்னிரவு உணவுக்குப் பிறகு எதுவும் கூடாது, தண்ணீர் கூடாது, பன் கூடவே கூடாது என்று தனித்தனியாகச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். இந்த முறை மறக்க மாட்டேன். ஃபோனில் அலாரம்கூட வைத்துவிட்டேன்.

அவள் உடுப்பை எடுத்து வைத்தேன். பழைய அறிக்கைகளைக் கோப்பில் போட்டேன். கிரைண்டரைக் கழுவினேன். காலையில் ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் இருந்ததால் தன்விகாவுக்குப் பிடித்த இட்லிக்கு மாவு ஆட்டிப் போசியில் கரைத்து வைத்தேன். வெயில் காலம் தொடங்கிவிட்டது. விடிவதற்குள் பொங்கிவிடும்.

லோகநாதன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தார். போசியைத் திறந்து மாவைப் பார்த்தார். நான் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

அவர் போசியை மூடிவைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"சட்டினிக்குப் பொட்டுக்கல்ல தீந்துபோச்சுன்னு சொன்னியே" என்றார். "கடை சாத்தறதுக்குள்ள வாங்கியாந்தர்றேன்."